மருத்துவச் சொற்களை எந்த வழியில் படிப்பது? ஒரு தோட்டப் பட்டணத்துக் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊரில் முதலுதவிக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது பெரிய பாடில்லை. திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் நிறைந்துவிடும். கட்டுப் போடுவது, நெஞ்சை அமுக்கி உயிர் மீட்பது எல்லாம் கைவேலை. திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும். தகராறு வருவது சொற்களில்தான். தனியார் ஆம்புலன்சில் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு வருவார். பள்ளி ஆசிரியை அக்கா ஒருவர், "நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொன்னாத்தானே மனசுல நிக்கும்" என்பார். தோட்ட கிளினிக்கில் வேலை பார்த்த பெரியவர், "மலாய்ல படிங்க, மத்ததெல்லாம் வீண்" என்று ஒரே போடாகப் போடுவார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்த அலுப்போடு வாரத்துக்கு ஒரு மாலை வந்து உட்காருகிறவர்களுக்கு மூன்றையும் ஒன்றாக ஊட்ட முடியாது. எதை முதலில் எடுப்பது, எதை எவ்வளவோடு நிறுத்துவது, எதைத் தொடாமலே விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அப்படி ஒரு வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில் என் கணக்கை எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் சொல்வதை அடுத்துக் கேட்கப்போகிற காது யாருடையது?

ஒரு சம்பவம் நடந்தால் பேச்சு கை மாறிக்கொண்டே போகும். முதலில் நோயாளியோ வீட்டாரோ உங்களிடம் சொல்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த பாட்டி என்றால் தமிழ். செம்பனைக் குலை வெட்டுகிறவர் என்றால் இன்றைக்கு அவர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி அல்லது நேப்பாளி. அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை மலாய். அடுத்து நீங்கள் 999-க்குச் சொல்கிறீர்கள். தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்ததை 2007-இல் 999 என்ற ஒரே எண்ணுக்குள் கொண்டுவந்தார்கள். அழைப்பு முதலில் பொது மையத்தில் விழும்; ஆம்புலன்ஸ் வேண்டும் என்றால் மருத்துவமனை ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாற்றுவார்கள். அதாவது ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் சொல்ல வேண்டிவரும், அதுவும் பெரும்பாலும் மலாயில். பிறகு ஆம்புலன்சிலிருந்து இறங்குகிற உதவி மருத்துவ அதிகாரி. வயதானவர்கள் இன்னும் 'எச்.ஏ.' (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) என்றே கூப்பிடுகிறார்களே, அவர்தான். அவர் உங்களிடம் மலாயில் கேட்பார், தாளில் ஆங்கிலத்தில் எழுதுவார். கடைசிக் காது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டருடையது.

இந்தச் சங்கிலியில் நீங்கள் நிற்கிற இடம் எது என்பதைப் பொறுத்துத்தான் மொழியும் புத்தகமும் மாறும்.

தமிழில் படித்தால்

'தமிழில்' என்று சொல்லும்போதே இரண்டு தமிழைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஒன்று கலைச்சொல் தமிழ்: தமனி, சிரை, நுரையீரல் அழற்சி, மிகை இரத்த அழுத்தம். படிக்க அழகு. ஆனால் எந்தப் பாட்டியும் 'எனக்கு மிகை இரத்த அழுத்தம்' என்று சொல்லப்போவதில்லை. "பிரஷர் இருக்குப்பா" என்பார். ஆம்புலன்சில் வருகிறவரும் கேட்கப்போவதில்லை. இந்தச் சங்கிலியில் எந்தக் காதுக்கும் போய்ச் சேராத சொற்கள் இவை. தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களுக்கு இவை வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. முதலுதவி வகுப்புக்கு வேண்டாம்.

கலைச்சொல் தேடி யூடியூப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு டாக்டர்களின் காணொளிகள் தெளிவானவை, நானே பார்க்கிறேன். ஆனால் அவர்கள் "சுகர் 180" என்றால் அது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம் ஊர் மீட்டர் காட்டுவது லிட்டருக்கு மில்லிமோல். 180-ஐ 18-ஆல் வகுத்தால் நம் கணக்கில் 10. அவர்கள் 70-க்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள். இங்கே 4-க்குக் கீழே. காணொளியில் கேட்ட 70 மனதில் இருக்க, மீட்டரில் 7 என்று பார்த்துவிட்டு ஒரு பிள்ளை பதறினால் தப்பு அதன் மேல் இல்லை. அப்புறம் '108-ஐ அழையுங்கள்' என்பார்கள். இங்கே 999.

இன்னொரு தமிழ் வாய்த் தமிழ். இதை விட்டால் வகுப்பே இல்லை. ஏனென்றால் நோயாளி நம்மிடம் கொண்டுவருவது இதைத்தான். இதில் சில சொற்களுக்கு இரண்டு முகம் உண்டு. எந்த முகம் என்று கேட்டு வாங்குவதைத்தான் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் இதற்கு முதல் உதாரணம் 'மருந்து'. ஒத்திகையில் ஒருவரை வீட்டுக்காரராகவும் ஒருவரை உதவிக்கு வந்தவராகவும் நிற்க வைப்போம். ஒரு தடவை நடந்தது இப்படி:

"அண்ணே, அப்பா மருந்து குடிச்சிட்டாரு, சீக்கிரம் வாங்க!"

"எந்த மருந்துமா? கிளினிக்ல கொடுத்ததா?"

"இல்லண்ணே, புல்லுக்கு அடிக்கிற மருந்து. ஆரஞ்சுப் போத்தல்ல ஊத்தி வெச்சிருந்தோம், தெரியாம குடிச்சிட்டாரு."

தோட்டத்தில் களைக்கொல்லிக்கும் மருந்து, காய்ச்சல் மாத்திரைக்கும் மருந்து. மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர் வீட்டில் இது இயல்பான பேச்சு. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் 999-இல் 'ஊபாட்' குடித்துவிட்டார் என்று மலாயில் சொன்னால், கேட்கிறவர் மனதில் மாத்திரை அட்டைதான் வரும். 'ராச்சுன் ரும்புட்' என்றால்தான் களைக்கொல்லி. அதோடு பெயரும் வேண்டும். பாராகுவாட்டை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு கொட்டகை மூலையில் பழைய டப்பா கிடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாராகுவாட் என்று தெரிந்தால் டாக்டர்கள் ஆக்சிஜன் கொடுக்கக்கூட யோசிப்பார்கள், அது நுரையீரல் சேதத்தைக் கூட்டிவிடும் என்பதால். மற்றக் களைக்கொல்லிக்கு அப்படி இல்லை. ஆகவே வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவது எந்தக் கலைச்சொல்லையும்விடப் பயன்படும்.

அடுத்தது 'மயக்கம்'. "மயக்கமா இருக்கு" என்றால் தலை சுற்றுகிறது. "மயக்கம் போட்டுட்டாரு" என்றால் நினைவு தப்பிவிட்டது. பதற்றத்தில் வீட்டார் வெறும் "மயக்கம், மயக்கம்" என்றுதான் கத்துவார்கள். மலாயில் இது தெளிவாகப் பிரிகிறது: தலைசுற்றலுக்கு 'பெனிங்', நினைவு தப்புவதற்கு 'பெங்சான்'. பெங்சான் என்று சொன்னால் மூச்சு இருக்கிறதா என்று உடனே கேட்பார்கள். மூச்சும் இல்லை என்றால் போனில் இருக்கிறவரே நெஞ்சை அமுக்கச் சொல்லி வழிகாட்டலாம். இதயம் நின்றவருக்கு அமுக்காமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அந்த நேரத்தில் பெனிங் என்று சொல்லி நிற்கக் கூடாது.

'இழுப்பு' என்றால் சிலர் வீட்டில் ஆஸ்துமா, சிலர் வீட்டில் வலிப்பு. "மூச்சு இழுக்குதா, கை கால் இழுக்குதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. முன்னது மலாயில் செம்புட் அல்லது லெலா, பின்னது சாவான். அப்புறம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற 'கேஸ்திரிக்'. நெஞ்சில் எரிச்சல், ஏப்பம், வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறவர்களில் சிலருக்கு அது மாரடைப்பு. முக்கியமாக நீரிழிவுக்காரர்களுக்கு வலி தெளிவாகத் தெரியாமலே மாரடைப்பு வரும். ஆகவே நோயாளி கேஸ்திரிக் என்றாலும் நீங்கள் கேஸ்திரிக் என்று மேலே சொல்லாதீர்கள். எங்கே வலி, எப்போதிலிருந்து, வியர்க்கிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கேட்டு, அந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

ஆக, தமிழைக் காதுக்கு வைத்துக்கொள்வது என் முடிவு. கேட்டுப் புரிந்துகொள்ள, திருப்பிக் கேட்க. மேலே சொல்வதற்கு வேறு மொழி.

மலாய்: ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

தோட்ட கிளினிக் பெரியவர் சொன்னது முக்கால்வாசி சரி. 999 பேச்சு, ஆம்புலன்ஸ்காரர் கேள்வி, ஆஸ்பத்திரிப் பதிவு முகப்பு, படிவம் எல்லாம் மலாய். இங்கே படித்த பிள்ளைகளுக்கு மலாய் தெரியும், ஆனால் உடம்பைப் பற்றிய மலாய் தெரியாது. பள்ளியில் கட்டுரை எழுதிய மலாயில் விலா எலும்பும் நாடித்துடிப்பும் வந்திருக்காது. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற பட்டியல் போதும்: சாக்கிட் டாடா, செசாக் நஃபாஸ், பெங்சான், சாவான், பாத்தா, பெர்டாரா, மெலெச்சூர், கெனா பாத்தோக் உலார், அலாஹான், கென்சிங் மானிஸ், டாரா திங்கி, புவா பிங்காங். அதே வரிசையில் தமிழில்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், வலிப்பு, எலும்பு முறிவு, ரத்தம் வருதல், வெந்துபோதல், பாம்புக்கடி, அலர்ஜி, நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம். கூடவே கீரி, கானான், இடமும் வலமும். நோயாளியின் இடம் வலம், உங்களுடையது அல்ல. மலாயில் நாடித்துடிப்புக்கு 'நாடி' என்றே பெயர், அதற்கு மனப்பாடமே வேண்டாம்.

பட்டியலைவிட முக்கியம், அதை வரிசையாகச் சொல்லிப் பழகுவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலாயின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு மலாய் ஆம்புலன்ஸ் கதவு வரைக்கும்தான். கதவுக்கு உள்ளே இருவர் தங்களுக்குள் பேசும்போது ஹிப்போகிளிசெமியா (சர்க்கரை இறங்குவது), தாக்கிகார்டியா (வேகத் துடிப்பு) என்றுதான் வரும். சட்டென்று இது வேறு பாடம் மாதிரி தெரியும். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிற அதே கிரேக்க, லத்தீன் சொற்கள் மலாய் எழுத்துக்கூட்டலில் வருகின்றன, அவ்வளவுதான். மேல்படி மலாயும் மேல்படி ஆங்கிலமும் இங்கே ஒரே வேரில்தான் நிற்கின்றன. இதை முதலிலேயே கவனித்தால் 'மலாயா ஆங்கிலமா' என்ற சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் வகுப்புக்கு 'எமர்ஜென்சி வகுப்பு' என்று பெயர் வைத்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் எமர்ஜென்சி என்றால் 1948 ஜூனில் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதும், அதற்குப் பிறகு 1960 வரை ஓடிய அவசரகாலமும்தான் அவர்கள் தலைமுறைக்கு நினைவு வரும். பெயரை மாற்றிவிட்டோம்.

ஆங்கிலப் புத்தகமும் வேர்ச்சொற்களும்

ஆம்புலன்ஸ் தம்பி கொண்டுவந்த மாதிரிப் புத்தகங்களின் முறை ஒன்றுதான். சொல்லை முன், நடு, பின் என்று உடைப்பது. டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு. கார்டியா இதயம், நியா மூச்சு. நாலையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் நாலு சொல் கிடைக்கிறது: வேகத் துடிப்பு, மெதுத் துடிப்பு, வேக மூச்சு, மெது மூச்சு. ஹெமி என்றால் பாதி, பிளீஜியா என்றால் செயலிழப்பு. ஹெமிபிளீஜியா நம் பக்கவாதம். பின்னால் ஐடிஸ் என்று வந்தால் அழற்சி, எமியா என்று வந்தால் ரத்தத்தில். ஒரு சொல்லைப் படித்தால் பத்துச் சொல் திறக்கிறது என்பது இந்த முறையின் உண்மையான லாபம். மனப்பாடப் பட்டியல் இந்த லாபத்தைத் தராது.

ஆனால் புத்தகத்தில் இருக்கிற நூற்றுக்கணக்கான வேர்களும் எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டாம். கண் அறுவை சிகிச்சை, பிரசவப் பிரிவு, தோல் நோய் என்று எல்லாத் துறைக்கும் சேர்த்து எழுதப்பட்டவை அவை. அவசரத்துக்கு முப்பது வேர் இருந்தால் வண்டி ஓடும்: வேகம், மெதுவு, அதிகம், குறைவு, இல்லாமை, சிரமம், இதயம், நுரையீரல், மூளை, ரத்தம், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை, வலி, வீக்கம், கசிவு, செயலிழப்பு, நீலம் பாரித்தல்... இப்படியே.

இதில் எனக்குப் பிடிக்காத இணை ஒன்று உண்டு: ஹைப்போவும் ஹைப்பரும். ஒன்று குறைவு, மற்றது அதிகம். அர்த்தம் நேர் எதிர், சத்தம் கிட்டத்தட்ட ஒன்று. தகரக் கூரையில் மழை கொட்டும்போது போனில் 'ஹைப்போ' என்றால் எதிர்முனையில் எது விழும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எங்கள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு. இந்த இரண்டு சொல்லையும் படிக்கலாம், எழுதினால் புரிந்துகொள்ளலாம், வாயால் சொல்லக் கூடாது. 'குலா ரெண்டா, தீகா பெர்புலுஹான் டூவா' என்று சொல்ல வேண்டும். சர்க்கரை குறைவு, 3.2. திசையும் எண்ணும் சேர்ந்து போனால் குழப்பத்துக்கு வழியில்லை.

எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. குளுக்கோமீட்டர் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் எண் காட்டாமல் எல், ஓ என்று இரண்டு எழுத்தைக் காட்டும், 'லோ', குறைவு என்று. அந்தச் சின்னத் திரையில் குச்சி குச்சியாக வருகிற எழுத்து. வகுப்பில் அதைப் பார்த்த ஒரு தங்கச்சி சற்றும் தயங்காமல், "பத்து, அண்ணே" என்றது. அங்கேயே நிறுத்தி எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னேன். பத்து என்றால் சற்று அதிகம், அவசரம் இல்லை. எல்-ஓ என்றால் ஆள் போய்க்கொண்டிருக்கிறார். விழுங்க முடிந்தால் உடனே இனிப்புத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து ஆம்புலன்ஸ். இந்த இரண்டு எழுத்தைத் தெரிந்துகொள்வது எத்தனையோ கிரேக்க வேர்களுக்குச் சமம். எந்தப் புத்தகத்தின் சொல்லகராதிப் பக்கத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

வேர்ச்சொல் முறையின் இன்னொரு கெடுதல் போதை. நாலு வேர் தெரிந்ததும் பிள்ளைகளுக்கு நோயின் பெயரைச் சொல்ல ஆசை வந்துவிடுகிறது. மாரடைப்பை 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நோயின் பெயரை முடிவு செய்வது டாக்டர் வேலை. நீங்கள் பெயரைச் சொல்லி அது தப்பாகிவிட்டால், கேட்கிறவர் உங்கள் பெயரின் வழியே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பார்த்ததைச் சொன்னால் அந்த ஆபத்து இல்லை.

சுருக்கெழுத்து: படிக்க மட்டும்

கிளினிக் புத்தகம், மருந்துப் பை, திரும்ப வருகிற தேதி அட்டை மூன்றும் ஒரு நோயாளியின் ஜாதகம். பேச முடியாத நிலையில் கிடக்கிறவரின் பையில் அந்தப் புத்தகம் இருந்தால் டிஎம், ஹெச்பிடி, ஐஹெச்டி, சிகேடி என்ற எழுத்துகள் நாலு கேள்விக்கு பதில் சொல்லிவிடும்: நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, இதய ரத்தக்குழாய் நோய், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது இன்னும் கூடுதல் என்பது கல்யாண விருந்தில் பாயசம் வேண்டாம் என்று கை காட்டுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். இனிப்புநீர் என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு சாதாரணத் தொல்லையாக்கிவிட்டோம்.

இங்கேயும் வெளிநாட்டுப் புத்தகம் காலை வாரும். அமெரிக்கப் புத்தகத்தில் ரத்தக் கொதிப்புக்கு ஹெச்டிஎன், நம் ஆஸ்பத்திரியில் ஹெச்பிடி. 'டிசிஏ' என்று அட்டையில் இருப்பது ஏதோ பயங்கர நோய் என்று ஒரு அம்மா பயந்துபோய்க் கேட்டார். 'திரும்பி வரவும்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. எல்ஓசி என்பது சிலருக்கு நினைவு தப்பியது, சிலருக்கு நினைவின் அளவு. அதனால் சுருக்கெழுத்தை அடையாளம் கண்டுகொள்ளுங்கள், நீங்களாக எழுதாதீர்கள். ஒரு மாலை வகுப்புக்கு மேல் இதற்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்த வழி

சொற்களைப் பட்டியலாகப் படிக்காமல் ஒப்படைப்பு வரிசையில் கோத்துப் படிப்பது. ஆள் யார், வயது என்ன, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, நினைவு எப்படி, மூச்சும் நாடியும் எவ்வளவு, அலர்ஜி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார், பழைய நோய் என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள். உலகம் முழுக்க முதலுதவி வகுப்புகளில் சொல்லித்தருகிற வரிசைதான், நான் கண்டுபிடித்தது அல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் தேவையான சொல்லை மட்டும் அந்த இடத்தில் வைத்துப் படித்தால், பதற்றத்தில் ஒரு சொல் மறந்தாலும் வரிசை தள்ளிக்கொண்டு போகும்.

'லெலாக்கி, லிமா புலோ லாப்பான் தாஹுன், சாக்கிட் டாடா, சுடா செத்தெங்ஙா ஜாம், பெர்பெலோ, அடா கென்சிங் மானிஸ்.' 58 வயது ஆண், நெஞ்சுவலி, அரை மணி நேரமாக, வியர்வை, நீரிழிவு உண்டு. சொல்ல பத்து விநாடிகூட ஆகாது. இதில் ஒரு கிரேக்க வேரும் இல்லை. ஆம்புலன்ஸ் அனுப்புகிறவருக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது.

பக்கவாதத்துக்கு இந்த வரிசை இன்னும் கூடுதலாக உதவும். முகம் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல் மூன்றையும் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விட்டுப்போவது நேரம். கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் எழுந்தபோதே கை விளங்கவில்லை என்றால், எழுந்த நேரத்தைத் தொடக்கமாக எடுக்க மாட்டார்கள். முந்தின இரவு கடைசியாக நல்லபடியாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. "அப்பா ராத்திரி எத்தனை மணி வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தாரு?" என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு போகிறவர், ஹெமிபிளீஜியா என்று எழுதிக்கொண்டு போகிறவரைவிட அந்த டாக்டருக்கு வேண்டியவர்.

நினைவு நிலையை அளக்க ஆஸ்பத்திரியில் கிளாஸ்கோ அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1974-இல் வந்தது, 3 முதல் 15 வரை மதிப்பெண். தொண்டர்களுக்கு அது வேண்டாம். விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பதில் வருகிறதா, கிள்ளினால் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா என்ற நாலு படி போதும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. நடத்துகிறவருக்கு வேலை அதிகம். தேர்வு எழுத உதவாது.

யாருக்கு எது

கோயில், தாமான் (குடியிருப்புப் பகுதி), பள்ளித் தொண்டர்கள் என்றால் வரிசையும் ஒரு பக்க மலாயும், காதுக்கு வாய்த் தமிழும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நடத்துகிற முதலுதவி வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் இந்த அடிப்படை இருந்தால் அங்கே மொழி ஒரு சுமையாக இருக்காது.

தோட்டத்தில் மண்டோராகவோ (கங்காணி) கிளினிக் உதவியாகவோ இருப்பவர் தமிழைவிட மலாயைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும், தன் ஆட்களின் மொழியில் 'வலி', 'மூச்சு', 'பாம்பு' என்ற மூன்று சொல்லையாவது சேர்த்து. அவர் பட்டியலில் எந்தப் பொதுப் புத்தகத்திலும் இல்லாத இரண்டு தலைப்பு வேண்டும்: விஷ மருந்து, மின்சாரம். குலை வெட்டுகிற அலுமினியக் கழி மேலே போகிற மின்கம்பியில் பட்டு ஆள் விழுந்தால், சொல்ல வேண்டிய முதல் சொல் உடம்பைப் பற்றியதே அல்ல. 'கெனா காரான்' என்பது, மின்சாரம் தாக்கியது என்று. கேட்டவுடன் உதவிக்கு ஓடி வருகிறவர்கள் கம்பியைத் தொடாமல் நிற்பார்கள்.

தனியார் ஆம்புலன்ஸ், முதியோர் இல்லம் என்று சம்பள வேலைக்குப் போகிறவர்கள் முப்பது வேரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளட்டும், சுருக்கெழுத்தையும். தினமும் தாள் படிக்கிற வேலை அது. உதவி மருத்துவ அதிகாரி, தாதி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் என் பதில் தலைகீழ்: தடித்த ஆங்கிலப் புத்தகத்தையே எடுங்கள், இப்போதே. மூன்று வருடப் படிப்பில் அதுதான் சோறு. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே போட்ட நாடு இது. அந்தக் காலத்துத் தோட்ட டிரசர், அதாவது அந்த ஆஸ்பத்திரி உதவியாளர், தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, துரையிடம் ஆங்கிலத்திலேயே வாதாடி ஆளை ஈப்போவுக்கு அனுப்பிவைத்தார். அந்த நாற்காலிக்குப் போகிறவர்களுக்குக் குறுக்கு வழி கிடையாது.

எந்த வழியை எடுத்தாலும் முதல் வகுப்பில் நான் மருத்துவச் சொல்லே சொல்லித்தருவதில்லை, இடம் சொல்லப் பழக்குகிறேன். 999-இல் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தோட்டத்துக்குள் வீட்டு எண்ணும் தெருப்பெயரும் எங்கே இருக்கிறது? எந்த டிவிஷன், எந்த பிளாக், எந்த கேட் திறந்திருக்கிறது, பெரிய சாலையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், மழைக்குப் பிறகு செம்மண் சாலையில் வண்டி ஏறுமா என்பதை அவரவர் வீட்டுக்கு மலாயில் எழுதி, முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டச் சொல்கிறேன். ஒருவர் போனில் பேசும்போது இன்னொருவர் மோட்டாரில் கேட் வரைக்கும் போய் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு யார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.